வாய்க்கால் கரைத் தொண்ணூறு குடும்பங்கள்

புதுச்சேரி
3 ஜூன் 1934

சேசு மரி சூசை துணை.

சைகோன் மாநகரம் கடலுக்குள் நழுவிவிடாமல் ஒற்றைக் காம்பசால் குத்தி நிறுத்தி வைத்திருக்கும் மகா சிற்பியும், என் அக்காள் சூசைமேரி பெற்ற ஒற்றைச் சிங்கமுமான மாப்பிள்ளை அருளானந்தத்துக்குத் தாய்மாமன் தனிஸ்லாஸ் எழுதுவது.

நீ எனக்கு ஒரு வரி எழுதிப் பதினான்கு மாதம் ஆகிறது. நம் வாசலைத் தாண்டும்போது தபால்காரன் இப்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு போகிறான், சாவு வீட்டைத் தாண்டுவதுபோல.

யானை விஷயத்தில் பிழை என்னுடையதுதான். காரைக்கால் அல்போன்ஸ் வாத்தியார் மகள் ஸ்டெல்லாமேரியை உனக்குத் தரலாமா வேண்டாமா என்று மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கே அன்னாம் தேசத்து ராஜா உனக்கு ஒரு யானை பரிசளித்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை போட்டேன். ஒற்றை யானை தனியாக நின்று அழுமே என்று இரண்டாக்கினேன். மனிதர் சைகோன் சாமியாருக்கு எழுதி, "யானைகளுக்குத் தீனி யார் போடுகிறார்கள்?" என்று விசாரிப்பார் என்று நான் கண்டேனா?

போகட்டும். இப்போது யானையைவிடப் பெரிய காரியம். போன நவம்பர் வெள்ளம் உனக்குத் தெரிந்திருக்கும். தெருநாய்கள் தென்னை உச்சியில் ஏறி நின்று குரைத்தன. எங்கள் கட்டட ஆபீஸ் தலைவர் மெர்லான் துரையின் மேஜை இழுப்பறையில் ஏழு விரால் பிடித்தோம். பஞ்சாலைக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்த தறிக்காரர்கள் தொண்ணூறு குடும்பம் பானை சட்டியோடு மிதந்தது. அவர்களுக்கு வீடு கட்ட ரெட்டியார்பாளையம் சாலைக்குத் தெற்கே ஒரு மேட்டு நிலத்தைச் சர்க்கார் ஒதுக்கியிருக்கிறது. வருகிற மழைக்குள் முடிவாக வேண்டும்.

துரை ஒரு பிளான் போட்டார். நான்கு நீண்ட கொட்டகைகள், நடுவே பன்னிரண்டு மீட்டர் சாலை, கடைசியில் ஒரே ஒரு குழாய். அந்தச் சாலையில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கோழி குறுக்கே போனால் மறுபக்கம் வறுத்த கோழியாகத்தான் போய்ச் சேரும். நான் ரகசியமாக வேறொரு பிளான் போட்டேன். எட்டு முழச் சந்து, ஒரு சுவரின் நிழல் எதிர்ச் சுவரில் விழும்படி. பத்துப் பத்து வீட்டுக்கு நடுவே ஒரு முற்றம், ஒரு கிணறு. வாசலில் நின்று தாய் கூப்பிட்டால் எந்த மூலையில் விளையாடுகிற பிள்ளைக்கும் காது கேட்க வேண்டும். முற்றத்தின் நீளத்தை அந்தக் குரல் அளந்து சொல்லும்.

நான் தெசினாத்தேர். இருபத்திரண்டு வருஷமாகப் பிறர் பெயர் போடுகிற படங்களுக்குக் கோடு கிழிக்கிறவன். என் பெயரில் பிளான் போனால் அதில் வடை மடித்துக் கொடுப்பார்கள். நீ ஹனோயில் டிப்ளோம் வாங்கியவன். உன் கையெழுத்து ஒன்று வேண்டும். படம் உள்ளே இருக்கிறது.

சுண்ணாம்புக் கோடுகளின் சக்கரவர்த்தி, நேர்கோணங்களின் ஜென்ம வைரி,
உன் மாமன் தனிஸ்லாஸ்


சைகோன்
22 ஜூன் 1934

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நம் வீட்டு வழக்கப்படியே படித்தேன். "உன் மாமன் எதச் சொன்னாலும் பத்துல ஒண்ணு எடுத்துக்கடா, மீதிய வாசல்லயே வுட்டுடு" என்று அம்மா எனக்கு நடை பழகும்போதே சொல்லிக்கொடுத்தது. ஏழு விரால் முக்கால் விரால் ஆயிற்று. இரண்டு யானையைப் பத்தால் வகுத்தாலும் கொஞ்சம் யானை மிஞ்சுகிறது. அந்த மிச்சம்தான் என் கல்யாணத்தை மிதித்தது.

ஸ்டெல்லாமேரிக்குப் போன மாதம் மாஹேயில் கல்யாணம் ஆகிவிட்டது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதாமல் விட்டீர்கள்.

படத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டு முழத்தில் மாட்டுவண்டி எப்படி நுழையும்? மூலைகள் ஏன் கோணலாக இருக்கின்றன? இங்கே நான் வேலை செய்யும் நகர அமைப்பு ஆபீஸில் இப்படி ஒரு படத்தைக் காட்டினால் என்னைச் சிரித்தே துரத்துவார்கள். நான் இங்கே போடுகிற சாலைகள் முப்பது மீட்டர் அகலம்.

கையெழுத்துப் போட மாட்டேன். மன்னிக்கவும்.

ஒரே ஒரு சந்தேகம். தாயின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை எப்படி அளந்தீர்கள்?

அருளானந்தம்


புதுச்சேரி
12 ஜூலை 1934

மாப்பிள்ளை,

அந்தக் கடைசிக் கேள்வியைக் கண்ணாடி போட்டு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். சிங்கம் இன்னும் சிங்கம்தான்.

எப்படி அளந்தேன் என்று கேட்டாயே, கேள். முதல் படத்தில் போட்டது கண்மதிப்புத்தான். போன ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும் இரண்டு வண்டிச் சுண்ணாம்போடு மேட்டு நிலத்துக்குப் போனேன். பிளானை அதே அளவில் தரையில் போட்டேன். தொண்ணூறு வீடு, ஒன்பது முற்றம், எல்லாச் சந்தும். வாய்க்கால் கரை ஜனம் முழுக்க வந்தது. "அவனவன் வீட்டுல போய் நில்லுங்க, இன்னிக்குப் பூரா இங்கதான் குடித்தனம்" என்றேன். மாப்பிள்ளை, சுவரே இல்லாத வீட்டில் அரை மணிக்குள் சண்டை வந்துவிட்டது. ஆலையில் நூல் சுற்றுகிற குஞ்சம்மாள், புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைக்காரி. இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா மேஸ்திரி, எங்க அடுப்ப அவ வாசலப் பாத்து வச்சிருக்கே? நான் ஊதுற புகைய அவ தின்னணும்னா?"

அழித்துப் போட்டேன். பிறகு அவளையே வாசலில் நிறுத்தி, நடுப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன். அவள் போட்ட சத்தத்தில் வீராம்பட்டினத்தில் கட்டுமரங்கள் கரை திரும்பின. பிள்ளை திரும்பிப் பார்க்கிற கடைசி இடத்தில் ஒரு கல் நட்டேன். அதுதான் அளவு.

மூலை ஏன் கோணல் என்றாயே. சாவு வந்தால் பாடை திரும்ப வேண்டாமா? தறிக்காரன் அம்மாவாசை பனைமர உயரம். அவனை ஏணியில் படுக்கவைத்து நாலு பேரைத் தூக்கச் சொல்லி ஒவ்வொரு மூலையாகத் திருப்பினேன். மூன்றாவது மூலையில் பிணம் எழுந்து உட்கார்ந்தது. "மேஸ்திரி, இன்னும் ஒரு சாண் வுடுங்க, செத்தப்புறமும் தலய இடிச்சுக்கணுமா?" சாண் விட்டேன்.

சாயங்காலம் யாரோ கேட்டார்கள், இந்தக் கோடு நிற்குமா என்று. நான் மேட்டில் ஏறி நின்றேன். "இது தனிஸ்லாஸ் போட்ட கோடு. கவர்னர் முட்டிபோட்டு நாக்கால் நக்கினாலும் அழியாது. இன்றைக்கு எவன் எந்தக் கோட்டில் நிற்கிறானோ அதுதான் அவன் வீடு" என்றேன்.

கைதட்டினார்கள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை, மாப்பிள்ளை. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கோட்டின் மேலேயே பனையோலை எழும்பி நிற்கிறது. என் பிளான் உயிரோடு நிற்பதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துரை கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

திருத்திய படம் உள்ளே இருக்கிறது. கையெழுத்தை யோசி.

மூலைமுடுக்குகளின் மார்க்கிப் பிரபு,
தனிஸ்லாஸ்


சைகோன்
1 ஆகஸ்ட் 1934

மாமாவுக்கு,

நேற்று ஆபீஸ் முடிந்ததும் இங்குள்ள பியூன் ஒருவனை ஏணியில் படுக்கவைத்து நடைபாதை மூலையில் திருப்பிப் பார்த்தேன். நான் வரைந்த மூலை அது. ஏணி திரும்பவில்லை. என் மேலதிகாரி பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். மூலையை அளக்கிறேன் என்றேன்.

ஐந்து வருஷமாகச் சாலைகள் போடுகிறேன். அதில் யார் நடப்பார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். மேற்கு முற்றத்தின் கிணற்றை மட்டும் நான்கு முழம் தள்ளியிருக்கிறேன். கழிவுநீர் அருகில் வருகிறது.

ஒன்றைக் கேளுங்கள். அந்த ஜனங்களை உடனே அந்தக் கோடுகளை விட்டு எழுப்புங்கள். பிளான் அனுமதி ஆகும் முன்னால் குடியேறினால் அதற்குச் சட்டத்தில் ஆக்கிரமிப்பு என்று பெயர். துரை அதைப் பிடித்துக்கொள்வார். உங்கள் வாயால் வந்தது. உங்கள் வாயாலேயே சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் மேல் இருந்த கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் படம் நல்ல படம்.

அருளானந்தம்


புதுச்சேரி
24 ஆகஸ்ட் 1934

மாப்பிள்ளை,

உன் கையெழுத்துள்ள பிளான் வந்து சேர்ந்தது. முத்தமிட்டுத் துரை மேஜையில் வைத்தேன். அதற்கு முன்பே அவர் குதிரை வண்டியில் மேட்டு நிலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

எழுப்பிப் பார்த்தேன், மாப்பிள்ளை. ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தினேன். "நீதான மேஸ்திரி சொன்ன, நிக்கிற எடம் ஊடுன்னு? வாய்க்கா கரைக்கு இனிமே யார் போவா? அந்தக் குடிசய பிரிச்சித்தான இங்க போட்டிருக்கோம்" என்கிறார்கள். நான் சொல்லும் எதையும் சந்தேகிக்கிற ஊரில், நான் உளறிய ஒன்றை மட்டும் இவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

துரை கூப்பிட்டு, எத்தனை குடும்பம் என்று கேட்டார். தொண்ணூறு என்றேன். நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "தனிஸ்லாஸ், உன் கணக்கில் தொண்ணூறா, கடவுள் கணக்கில் தொண்ணூறா?" ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. வெள்ளம் போனபின் ஆலை தந்த கணக்கில் குடும்பம் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கிறது; தினக்கூலிகளை ஆலை எண்ணுவதில்லை. நேரில் போய் எண்ணுங்கள் என்று கெஞ்சினேன். குடிசைக்குள் தலையைவிட்டு எண்ணுவது தன் வேலை இல்லை என்கிறார். "உன் மருமகன் டிப்ளோம் உள்ளவன், நிதானமானவன் போலத் தெரிகிறது, அவனையே கேட்கிறேன்" என்று போன வாரக் கப்பலிலேயே உனக்கு எழுதிவிட்டார். அவர் கடிதம் என் கடிதத்துக்கு முன்னால் வந்து சேரும்.

மாப்பிள்ளை, இந்த ஒருமுறை வகுக்காதே. வாசல் வாசலாகப் போய் எண்ணினேன். தொண்ணூறு. ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். ஆயிரம் இல்லை, அதையும் பத்தால் வகுத்துக்கொள். இதை வகுக்காதே.

தனிஸ்லாஸ்


சைகோன்
4 செப்டம்பர் 1934

மாமாவுக்கு,

நல்ல சேதி. மெர்லான் துரையின் கடிதம் நேற்று வந்தது. மிக மரியாதையாக எழுதியிருக்கிறார். பிளானில் குறை ஒன்றும் சொல்லவில்லை. மூலைகள் புத்திசாலித்தனமானவை என்கிறார். ஒரே ஒரு கேள்விதான்: உங்கள் மாமா சொல்லும் தொண்ணூறு நம்பத்தகுந்ததா?

உங்களைப் பொய்யர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உண்மை என்று எழுதி நாளை அவர் எண்ணிப் பார்த்தால் உங்கள் வேலை போகும். ஆகவே சிரிப்பாகவே எழுதினேன். "என் மாமா எதையும் பெரிதாகப் பார்க்கும் கண் படைத்தவர், எங்கள் குடும்பத்தில் அவர் எண்களைப் பத்தால் வகுத்துக்கொள்வோம், ஒன்பது குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று. ஒன்பது வீட்டுக்கு எந்தச் சர்க்காரும் முகம் சுளிக்காது. மழைக்குள் கட்டியும் முடித்துவிடலாம். உங்கள் மானமும் தப்பியது, பிளானும் தப்பியது.

அன்றே கப்பலில் சேர்த்துவிட்டேன். முதல் வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது ஒரு வரி எழுதுங்கள். யானை கதையை நான் மறந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள மருமகன்
அருளானந்தம்


புதுச்சேரி
25 செப்டம்பர் 1934

அருளானந்தத்துக்கு,

உன் கடிதம் இருபதாம் தேதி வந்தது. துரைக்கு நீ எழுதியதும் அதே பையில் வந்தது. அவர் அதை ஆபீஸில் சத்தமாகப் படித்தார். நான் நின்றுகொண்டு கேட்டேன்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. பிளான் ஒப்புக்கொள்ளப்பட்டது. நான் போட்டபடியே, முழம் மாறாமல். ஒன்பது வீடு, ஒரு முற்றம், ஒரு கிணறு. மீதி நிலத்தில் சாலைக்குப் போடும் கப்பிக்கல் கொட்டப் போகிறார்கள். உத்தரவில் பெயர் இல்லாதவர்கள் அக்டோபர் பதினைந்துக்குள் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சிப்பாய்கள் வருவார்கள்.

அந்த ஜனங்களை எனக்குத்தான் தெரியுமாம். அதனால் ஒன்பது பெயரை நான் எழுதித்தர வேண்டுமாம்.

உன்னைத் திட்ட உட்கார்ந்தேன். முடியவில்லை. நீ என்னிடம் கற்றதைத்தான் செய்தாய்.

இன்று காலை உனக்குத் தந்தி கொடுத்தேன். கிடைத்திருக்கும். ஏதாவது செய்.

தனிஸ்லாஸ்


சைகோன்
29 செப்டம்பர் 1934

மாமா,

வகுக்காதே என்ற உங்கள் கடிதம் இம்மாதம் ஒன்பதாம் தேதியே வந்தது; அதையும் வகுத்துத்தான் படித்தேன். உங்கள் தந்தி இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் கைக்கு வந்தது. "தொண்ணூறே உண்மை. ஒன்பது பெயர் எழுதச் சொல்கிறார்." தந்தி ஆபீஸுக்கு ஓடினேன்; மூடிவிட்டார்கள்.

மறுநாள் காலை துரைக்குத் தந்தி அடித்தேன். நான் எழுதியது பிழை, தொண்ணூறு சரி, உத்தரவை நிறுத்துங்கள் என்று. நேற்று பதில் வந்தது. "போன வாரம் ஒன்பது, இந்த வாரம் தொண்ணூறு. மாமனுக்கு ஏற்ற மருமகன். கவர்னர் கையெழுத்திட்டாயிற்று." அவ்வளவுதான்.

என் பெயரைப் பார்த்தால், டிப்ளோம்காரன் சொன்னது சரியாக இருக்கும் என்று நம்புவார்கள் என்றுதானே நீங்கள் என்னிடம் வந்தீர்கள். நம்பினார்கள். நான் பொய் சொன்னபோது மட்டும் நம்பினார்கள்.

லீவு கேட்டேன். டிசம்பருக்கு முன் கிடையாது என்றார்கள். வேலையை விடுகிறேன் என்றேன். ஒப்பந்தம் மார்ச் வரை இருக்கிறது, கப்பலேற விடமாட்டோம் என்றார்கள்.

பெயர் எழுதாதீர்கள், மாமா. எழுதினால் எண்பத்தொரு குடும்பத்தை வெளியே தள்ளியது உங்கள் கை என்றாகும். அது என் கை. ஆலைக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். பங்குச் சாமியாரிடம் பேசிப் பாருங்கள். கவர்னர் பெண்சாதி காலில் விழுங்கள். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், இல்லாததை எல்லாம் சொல்லுங்கள். நான் சத்தியம் செய்து எழுதித்தருகிறேன்.

இந்தக் கடிதம் உங்களுக்கு எப்போது கிடைக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். அக்டோபர் பதினைந்து.

அருள்


புதுச்சேரி, வாய்க்கால் கரை
2 நவம்பர் 1934

அருள்,

உன் கடிதம் நீ எண்ணியபடியே பதினைந்தாம் தேதி கிடைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சாமியாரிடம் போனேன். அவர் துரையிடம் போனார். ஆலையில் யாரும் என்னை வாசலைத் தாண்ட விடவில்லை. கவர்னர் பெண்சாதி ஊரில் இல்லை. பெயர்ப்பட்டியல் தராவிட்டால் அந்த ஒன்பதும் ரத்து, நிலம் முழுக்கக் கப்பிக்கு என்று துரை சொன்னார்.

ஒன்பது எழுத முடியவில்லை. தொண்ணூறையும் எழுதினேன். சந்து சந்தாக, வாசல் வரிசையில், மூன்று தாள். அவர் வாங்கிப் பார்த்தார். ஒன்பதாவது பெயருக்கு அடியில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கோடு போடுகிறேன். அவ்வளவு நேரான கோட்டை நான் போட்டதில்லை.

ஒன்பதாவது பெயர் அம்மாவாசை. பத்தாவது குஞ்சம்மாள். எந்தச் சந்திலிருந்து எழுதத் தொடங்குவது என்று நான் யோசிக்கவே இல்லை. கை போன இடத்தில் தொடங்கினேன்.

அம்மாவாசை துரையிடம் போய், தன் வீட்டை அவளுக்குத் தரச் சொல்லிக் கேட்டான். பெயர் மாற்றக் கூடாது என்றார்கள். இப்போது அங்கேதான் இருக்கிறான். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

பதினைந்தாம் தேதி சிப்பாய்கள் வந்தார்கள். அடிக்கவில்லை. ஓலையைப் பிரித்து அவரவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் எனக்கு வேலை போயிற்று, ஜனங்களைத் தூண்டிவிட்டேன் என்று. உன் அம்மா ஒருவேளை வேறு மாதிரி எழுதுவாள், நான் அழவில்லை.

எண்பத்தொரு குடும்பத்தில் ஐம்பத்திரண்டு வாய்க்கால் கரைக்கே திரும்பியிருக்கிறது. மற்றவர்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே தலைகாட்டாமல் இருந்தேன். இருபத்தெட்டாம் தேதி குஞ்சம்மாள் வந்து வாசலில் நின்றாள். காறித் துப்பத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"மழ பிடிச்சிக்கிச்சு. அவனவன் இஷ்டத்துக்குக் குடிச போடுறான், ஒருத்தன் தண்ணிய ஒருத்தன் ஊட்டுக்குள்ள வுடுறான். வந்து கோடு போட்டுக் குடு மேஸ்திரி" என்றாள்.

"நான் போட்ட கோடுதான் உங்களை இந்தக் கதிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வாயத் தொறக்காம போடு" என்றாள்.

வந்துவிட்டேன். அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். மழையில் சுண்ணாம்பு நிற்கவில்லை; முளை அடித்துக் கயிறு கட்டுகிறோம். இடம் குறைவு, சந்து ஐந்து முழம்தான் வருகிறது. கிணறு கிடையாது. நடுவில் ஒரு திட்டு கிடைத்தது, அதில் பிள்ளைகளை வைத்திருக்கிறோம். குஞ்சம்மாளின் கடைசிப் பிள்ளைக்கு நான்கு நாளாக ஜுரம்.

இப்போது கேள். உன்னிடம்தான் கேட்க முடியும். குடிசைகளுக்கு நடுவில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் நிற்கிறது. வடிக்க வேண்டும். கிழக்கே நாற்பது முழத் தூரத்தில் ஆலைச் சுவர். சுவருக்கு அடியில் ஒரு பழைய மதகு இருக்கிறது. உள்ளே அடைத்துவிட்டார்களா, திறந்திருக்கிறதா, எனக்குத் தெரியாது. ஆலைக்காரர்கள் சொல்ல மறுக்கிறார்கள். தெற்கே உப்பாறு, நூற்றிருபது முழம். அந்தப் பக்கம் தண்ணீர் ஓட வாட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் கடல் ஏற்றத்தில் உப்பாறு பெருகினால் நாம் வெட்டிய வாய்க்கால் வழியாகவே தண்ணீர் திரும்பி வந்து பிள்ளைகள் இருக்கும் திட்டுக்கு ஏறும். நடுவில் ஒரு பலகை அடைப்பு வைத்தால் போதுமா, எந்த இடத்தில் வைப்பது, எத்தனை உயரம்? சைகோனில் ஆற்றோரம் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? தந்தியில் இதைச் சொல்ல முடியாது, படம் போட்டு அனுப்பு. இந்தத் தாளின் பின்பக்கம் அளவுகளை எழுதியிருக்கிறேன். எல்லாம் நானே கயிறு பிடித்து அளந்தது.

கப்பல் போகப் பதினாறு நாள், உன் பதில் வரப் பதினாறு நாள். அதுவரை காத்திருக்க முடியாது. நாளைக் காலை ஐம்பது மண்வெட்டியோடு தெற்கே வெட்டத் தொடங்குகிறோம். நான் செய்வது தவறு என்றால், உன் கடிதம் வருவதற்குள் தண்ணீரே வந்து சொல்லிவிடும்.

தனிஸ்லாஸ்